இறக்கைக்குள் ஓர் ஆள்

விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்கிறவர்கள் ஏராளம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நீண்டு கிடக்கிற அந்த இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளே எரிபொருள் இருக்கிறது. அவ்வளவு பெரிய வண்டி குடிக்கிற எண்ணெயில் பெரும்பகுதி அதற்குள்தான். அது கசியாமல் இருக்க, இறக்கையைக் கட்டும்போதே ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போய், தகடும் தகடும் சேருகிற இடமெல்லாம், ஒவ்வொரு ஆணித் தலை மீதும், பசை பூசிவிட்டு வர வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் அப்படிப் பூசுகிறவர்களில் மூத்தவனுக்குப் பசை என்றே பேர்.

பேர் வைத்தவன் குறும்புக்காரன். பசையுள்ள ஆள் என்றால் கையில் காசு புழங்குகிறவன் என்று அர்த்தம். நம் பசைக்கு இருந்த பசையெல்லாம் விரல் இடுக்கில்தான்; அதுவும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஆள் ஒல்லி, குள்ளம். ஐம்பதை நெருங்கியும் தொப்பை என்ற ஒன்று எட்டிப் பார்க்கவில்லை. இறக்கைக்குள் போகிற வேலைக்கு அளவெடுத்துத் தைத்த உடம்பு. அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. கசியாது, சொட்டாது, யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். ஏதாவது கெட்டுப் போனால்தான் அவன் என்று ஒருத்தன் இருப்பதே தெரியவரும்.

இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. அதைப் பொந்து என்பார்கள். முதலில் கைகளை விட்டு, பிறகு தலையை விட்டு, தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி இடுப்பை இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே தடுப்பு, தடுப்பில் ஓர் ஓட்டை. இறக்கையின் நுனியை நோக்கிப் போகப் போக அறை சிறுத்துக்கொண்டே போகும். கடைசி அறையில் புரண்டு படுக்கக்கூட முடியாது. முகத்தில் மூடி, கழுத்தில் காற்றை அளக்கிற சின்னக் கருவி, பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிற காற்றுக் குழாய். இவ்வளவுதான் துணை.

பொந்துக்கு வெளியே நாற்காலி போட்டு ஒருவர் காவல் இருக்க வேண்டும். இது சட்டம். தகட்டைத் துடைக்கிற திரவத்தின் ஆவி இருக்கிறதே, அது மூக்கைவிடப் புத்தியைத்தான் முதலில் பிடிக்கும். பிடிபட்டவனுக்கே தெரியாது, சிரித்துக்கொண்டே சுருண்டுவிடுவான். அதனால் காவல் இருப்பவர் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை உள்ளே குரல் கொடுக்க வேண்டும். ‘சரியா?’ ‘சரி’ என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டால் செல்லாது. யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் குழறினால் ஆளை வெளியே வரச் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதிலே வராவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், மீட்புக்காரர்கள் ஓடி வருவார்கள். காவல் இருப்பவர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது. ஒருத்தரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் சாவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். இதைப் பொந்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

மற்ற காவல்காரர்கள் கணக்குக் கேட்பார்கள். ஏழும் எட்டும் எத்தனை, இன்றைக்கு என்ன கிழமை, இப்படி. பசைக்குக் காவல் இருந்த கேள்வியக்காவுக்குக் கணக்குப் பிடிக்காது. நல்ல பாரியான உடம்பு, கணீரென்ற குரல், யார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற சுபாவம். கேள்வியக்கா என்ற பேர் சும்மா வந்ததில்லை.

“தம்பி, காலையில என்ன சாப்பிட்ட?”

“ரொட்டி.”

“வெறும் ரொட்டியா?”

“வெறும் ரொட்டிதான்.”

“ஏன், முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையா? சரி, வேலையைப் பாரு.”

சில நிமிடம் கழித்து அடுத்த கேள்வி. சின்ன வயசில் யாருக்குப் பயப்படுவே, வீட்டுச் சுவர் என்ன கலர், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பே. ஒருநாள் பாதி, மறுநாள் மீதி என்று வருஷக் கணக்கில் பசை தன் கதை முழுவதையும் அந்தப் பொந்து வழியாகச் சொல்லி முடித்திருந்தான். கேட்க வேறு ஆள் இல்லை. அவனை விட்டுப் போன மனைவி சண்டை போட்டுக்கொண்டு போனவள்கூட இல்லை. ‘உங்களோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு, அதை நான் தனியாவே இருந்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இவன் பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிக் கொடுத்தான்.

அதைச் சொன்ன அன்று அக்கா கேட்டாள்: “போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையா நீ?”

“அவ கேக்கலையே அக்கா.”

“நல்ல ஆளுடா நீ” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அது பாராட்டு இல்லை என்பது அவனுக்கும் புரிந்தது. இருந்தாலும் அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது.

ஊர் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற ஊர். முடி வெட்டுகிறவர், பல் வைத்தியர், பள்ளிக்கூடத்து வாத்தியார், எல்லார் வீட்டு அடுப்பும் ஏதோ ஒரு வழியில் அதனால்தான் எரிந்தது. பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளை இறக்கைப் பிரிவா, வால் பிரிவா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். வடக்கே முள்வேலிக்குப் பின்னால் இன்னொரு கொட்டகையும் உண்டு. அங்கே ராணுவத்துக்கு ஏதோ செய்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று எல்லாருக்கும் தெரியும். புது விமானம் முதல் தடவை பறக்கிற அன்று தெருவே அண்ணாந்து பார்க்கும். முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். நம்ம வண்டி, நம்ம வண்டி என்று பேசிக்கொள்வார்கள். உலகத்தையே ஒன்று சேர்க்கிறோம் என்று தொழிற்சாலைச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். சேர்க்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. பசை மட்டும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தொழிலாளிகளுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. பறந்து போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

ஒரு தடவை எங்கோ தூர தேசத்தில் அவர்கள் செய்த விமானம் ஒன்று விழுந்தது. அன்று ஊர் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருத்தரும் தங்கள் கை செய்த வேலையை மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தப்பு விமானத்தில் இல்லை, புயலில் என்று பிறகு தெரிந்தபோது கடைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்பது ஊருக்கு நினைவு வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் பசை தூங்கவே இல்லை. அவனிடம் அதைப் பற்றிக் கேட்டது ஒரே ஓர் ஆள்.

“பயமா இருக்கா தம்பி?”

“இருக்குக்கா.”

“எனக்கும்தான். வலது பக்கம் முடிச்சிட்டியா?”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பசைக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குப் போனால் சுவர், கட்டில், குழாய் சொட்டுகிற சத்தம். இங்கே வந்தால் இருட்டு, வாடை, முட்டி வலி. ஆனால் ‘தம்பி’ என்று ஒரு குரல். மனிதர்கள் எதை எதையோ பிடித்துக்கொண்டு உயிர் வாழ்கிறார்கள். இவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தான்.

ஒரு திங்கட்கிழமை அக்கா பொந்துக்குள் தலையை நீட்டி, உற்சாகம் தாங்காமல் கத்தினாள்.

“தம்பி, கேளு. என்னைப் பயிற்சிக் கூடத்துக்குப் போடறாங்க. புதுசா வர்ற காவல்காரங்களுக்கு நான்தான் சொல்லித்தரணும். நாற்காலியில குந்திக் குந்தி இடுப்பு போச்சுன்னு எத்தனை நாளா மனு போட்டேன்! இந்த மாசக் கடைசியோட இந்தப் பொந்துக்கு ஒரு கும்பிடு.”

பசை பூசிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. “சந்தோஷம்க்கா” என்றான்.

“அவ்வளவுதானா?”

“ரொம்ப சந்தோஷம்.”

அவனுக்கு வயிறு எரிந்தது. அவள் போவதுகூட இல்லை, சிரித்துக்கொண்டு போவதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இறக்கைக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்? யார் பார்க்கிறார்கள்? காலையில் என்ன சாப்பிட்ட என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றான். பட்டினியா வராதே, மயக்கம் வரும் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் ஒருநாள் இடைவேளையில் வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து இறக்கைக்குக் காவல்காரர் வராததால் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகாதவன்.

“தம்பி, காலையில என்ன சாப்பிட்ட?” அக்கா கேட்டாள். அதே குரல், அதே இழுப்பு. “வெறும் ரொட்டியா? ஏன், முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையா?”

பசை குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தான். தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் பொது என்று தெரிந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்! அவள் செய்ததில் தப்பே இல்லை. அவள் வேலை அது. கேள்வி கேட்கத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அப்படியென்றால் இத்தனை வருஷம் என்னிடம் பேசியது யார், அக்காவா, அந்தச் சட்டமா என்று ஒரு கேள்வி நெஞ்சுக்குள் புகுந்துகொண்டது. புகுந்தது வெளியே போகவில்லை.

மாதக் கடைசிக்குச் சில நாள்தான் இருந்தது. இறக்கையின் நுனிப்பக்கத்து அறையில் கடைசிப் பூச்சு. பசை மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலேயே இருந்த ஆணித் தலைகளுக்குப் பூசிக்கொண்டிருந்தான். விளக்கின் வெளிச்சம் தகட்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது. தூரத்திலிருந்து, அத்தனை அறைகளையும் தாண்டி, குரல் வந்தது.

“தம்பி, ராத்திரி தூங்கினியா?”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இன்னொரு தடவை கூப்பிடட்டுமே என்று இருந்தது.

“தம்பி? கேக்குதா?”

பசையைப் பிதுக்கிப் பூசுகிற துப்பாக்கியை மெதுவாக வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

“என்ன, கோபமா? கோபம்னா கோபம்னு சொல்லு. அதுவும் பதில்தான்.” ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “டேய், பேசுடா.”

ஒருநாளும் அவள் இந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. நடுங்கியது. எந்தச் சட்டமும் சொல்லிக்கொடுத்த குரல் இல்லை அது. இவனுக்கு உடம்பெல்லாம் இளகிப் போயிற்று. இன்னும் ஒரே ஒரு தடவை, பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் சிவப்புப் பொத்தானின் சங்கு அலற ஆரம்பித்துவிட்டது.

சங்கு ஊதியதும்தான் புத்தி வந்தது. தொழிற்சாலையின் அந்தப் பக்கம் முழுவதும் வேலை நின்றிருக்கும். மீட்புக்காரர்கள் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். இப்போது ‘இருக்கேன்க்கா’ என்று குரல் கொடுத்தால், இத்தனை நேரம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களே? அந்த வெட்கத்தில் அப்படியே கிடந்தான். பெரிய தப்புகள் பலவும் சின்ன வெட்கத்தால்தான் பெரிசாகின்றன.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. தகட்டில் துணி உரசுகிற சத்தம். மீட்புக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் வர முடியாது. மூச்சு வாங்குகிற சத்தம், முட்டி மோதுகிற சத்தம். பிறகு குரல்.

“வந்துட்டேன்டா. வந்துட்டேன். பயப்படாதே.”

அக்கா உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

சாத்திய அறையில் உட்கார முடியாதவள் அவள். லிஃப்ட்டில் ஏற மாட்டாள், எத்தனை மாடியானாலும் படிதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பொந்தில் எப்படி நுழைந்தாளோ! தடுப்புக்குத் தடுப்பு சிக்கிக்கொண்டு, முனகிக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டு, நடுநடுவே அழுதுகொண்டு வந்தாள். பசை அசையாமல் கிடந்து எல்லாவற்றையும் கேட்டான். உள்ளதை மறைப்பானேன், அவன் சந்தோஷமாக இருந்தான். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வாய்த்ததில்லை. எனக்காக ஓர் ஆள் வருகிறது, எனக்காக ஓர் ஆள் வருகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசித் தடுப்பின் ஓட்டையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பின்னால் முகமூடி போட்ட அவள் முகம், வேர்வையில் ஒட்டிய முடி. வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் கண்ணை மூட மறந்துவிட்டான்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் கையிலிருந்த டார்ச் தாழ்ந்தது. அதற்குள் மீட்புக்காரர்கள் அவள் காலைப் பிடித்துப் பின்னால் இழுக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் விசாரணை. பாதுகாப்பு அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. நிதானமாகப் பேசுகிறவர், அதுதான் இன்னும் கஷ்டம். பசையின் கழுத்துக் கருவி காற்று நன்றாகத்தான் இருந்தது என்று காட்டியது. டாக்டரும் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

“நீங்க போய்ச் சேர்ந்தப்ப அவர் எப்படி இருந்தார்?” என்று அக்காவிடம் கேட்டார்.

“கண்ணு மூடியிருந்துச்சுங்க” என்றாள் அக்கா, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

“உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று பசையிடம் கேட்டார்.

அக்கா எடுத்துக் கொடுத்த பொய்யை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “கண் அசந்துட்டேன் சார்.”

வேலை நேரத்தில் தூங்கியதற்கு எச்சரிக்கை. இனிமேல் இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க நல்ல மனசோடதான் உள்ளே போனீங்க. எனக்குத் தெரியும். ஆனா உள்ள காற்று கெட்டிருந்தா இன்னைக்கு நான் ரெண்டு வீட்டுக்குப் போய்த் துக்கம் சொல்லியிருக்கணும். உள்ளே போகாதேன்னு சொல்லித்தர வேண்டிய இடத்துல, உள்ளே போனவங்களை எப்படி உட்கார வைக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

“வைக்க முடியாதுங்க” என்றாள் அக்கா.

பயிற்சிக் கூடம் போயிற்று. காவல் நாற்காலியும் போயிற்று. தொழிற்சாலையின் இன்னொரு கோடியில், கையுறையும் முகமூடியும் எடுத்துக் கொடுக்கிற சாமான் அறைக்கு அவளை மாற்றினார்கள். விமானம் ஒருநாள் தாமதமாக முடிந்து, எப்போதும்போல ஊருக்கு மேலே பறந்து போயிற்று. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பசைக்குப் புதிதாக ஒரு காவல்காரர் வந்தார். வெளியே உட்கார்ந்தபடி ‘ஓகே?’ என்பார். இவன் ‘ஓகே’ என்பான். சட்டப்படி செல்லாது. யார் கேட்கிறார்கள்? அவனுக்கு அந்த ‘ஓகே’ ஒவ்வொன்றும் கன்னத்தில் அறை வாங்குகிற மாதிரி இருந்தது. ஒருநாள் கையுறை கிழிந்துவிட்டது என்று சாக்கு வைத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனான். ஜன்னலுக்குப் பின்னால் அக்கா எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து போய் எடுத்து வந்தாள். பேண்டுக்கு மேல் இரண்டு முட்டியிலும் கட்டுப் போட்டிருந்தாள். ‘எந்த அளவு?’ என்று கேட்டாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாரையும் கேள்வி கேட்கிறவள் அவள்; வரிசையில் இவனுக்குப் பின்னால் நின்றவனிடம் காலையில் என்ன சாப்பிட்ட என்று அவள் கேட்டது இவன் திரும்பி நடக்கும்போது காதில் விழுந்தது.

இரண்டு தடவை பாதுகாப்பு அதிகாரியின் அறை வரை போனான், உண்மையைச் சொல்லிவிட. இரண்டாவது தடவை கதவைத் தட்டியும்விட்டான். “என்ன?” என்றார் அவர். “முகமூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் தைரியம் அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அந்தக் கதவை மீட்டர் பார்க்கிறவரைத் தவிர யாரும் தட்டியதில்லை. திறந்தால் அக்கா. மூன்று மாடி ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அன்னைக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?”

பொய் சொல்லலாம். தூங்கிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் விழித்தேன் என்று சொன்னால் ஒருவேளை நம்புவாள். நம்பத்தான் இத்தனை படி ஏறி வந்திருக்கிறாள் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

“கேட்டுச்சுக்கா.”

“எல்லாமா?”

“எல்லாம். நீங்க உள்ள வந்ததும் கேட்டுச்சு.”

அக்கா தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயத்தை இன்னொருத்தர் வாயால் கேட்கிறவர்கள் ஆட்டுகிற மாதிரி. “ஏன்டா?”

“நீங்க போறீங்கன்னு...” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “என்னை வேற யாரும் கூப்பிடறதில்லக்கா. நீங்க ஒருத்தர்தான். அதுவும் வேலைக்காகக் கூப்பிடறீங்களா, எனக்காகக் கூப்பிடறீங்களான்னு தெரியல. பதில் சொல்லலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு பார்த்தேன்.”

“பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன்.”

“ஆபீசர்கிட்ட போய் இதை உளறி வைக்காதே. போனது திரும்பி வரப்போறதில்ல. உன் வேலையாவது இருக்கட்டும்.” பிறகு, திட்டுவது மாதிரி இல்லாமல், உண்மையாகவே புரியாத விஷயத்தைக் கேட்பது மாதிரிக் கேட்டாள்: “இத்தனை வருஷத்துல நீ என்னை ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கியா?”

அவன் முழித்தான்.

“வீட்டுக்கு வாங்கக்கா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்கக்கான்னு? வந்திருப்பேனேடா. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன். எனக்கு மட்டும் என்ன, வீட்டுல நாலு பேரா உக்காந்திருக்காங்க? பேச ஆள் இல்லாமத்தானே நாள் பூரா உன்கிட்ட வாயடிச்சேன். நீ கூப்பிட மாட்ட, போகாதேன்னு சொல்ல மாட்ட. மத்தவங்கதான் ஓட்டைக்குள்ள தவழ்ந்து வரணும் உனக்கு.”

இவளும் தனி ஆள் என்பதை அவன் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவன், திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

“இப்பக்கூடப் பாரு” என்றாள் அக்கா. “வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன். உள்ள வாங்கன்னு சொல்ல உனக்குத் தோணுச்சா?”

திரும்பிவிட்டாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள்.

“அக்கா” என்றான் பசை. சத்தம் வெளியே வரவில்லை. மாடிப்படி வரை ஓடி வந்து, தொண்டை கிழியக் கத்தினான். “அக்கா! உள்ள வாங்கக்கா! காபி போடறேன், வாங்கக்கா!”

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கீழே, அடுத்த மாடியின் திருப்பத்தில் அக்கா நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“முட்டி வலிக்குதுடா” என்றாள். “திரும்ப ஏற முடியாது.”

அவள் ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே தெருவுக்குப் போகும்வரை அவன் மேலேயே நின்றுகொண்டிருந்தான்.